மீட்டரைப் பார்த்த கல்லூரி: ஓபர்லின் வளாகம், ஒரு நிகழ்வு ஆய்வு

கல்லூரிகளுக்குத் தரமதிப்பீடு போடும் நாக் (NAAC) குழு வருவதற்கு இரண்டு மாதம் முன்பு கிரீன் ஆடிட் ஃபைல் தயாரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஏழாவது அளவுகோலுக்குக் கீழே சோலார் உண்டா, மழைநீர் சேகரிப்பு உண்டா, எல்இடி விளக்கு உண்டா என்று வரிசையாகக் கேட்பார்கள், எல்லாவற்றுக்கும் போட்டோவோடு பதில் வைக்க வேண்டும். எங்கள் கல்லூரி மொட்டைமாடியில் 20 கிலோவாட் சோலார் இருக்கிறது. சரி, மாதம் எத்தனை யூனிட் வருகிறது என்று கேட்டேன். ஆபீசில் தெரியவில்லை, துறையில் தெரியவில்லை. கடைசியில் எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூட்டிக்கொண்டு மாடி ஏறினால் இன்வெர்ட்டரில் விளக்கே எரியவில்லை. "அது போன மழைக்கே நின்னு போச்சு சார், யாரும் கேக்கல, நானும் விட்டுட்டேன்" என்றார். ஃபைலில் 'நிறுவப்பட்ட திறன்: 20 கிலோவாட்' என்று எழுதினோம். நிறுவியது உண்மைதானே.

அந்த ஃபைலைக் கட்டி முடித்த ராத்திரியிலிருந்து எனக்கு ஓபர்லின் ஞாபகம்தான். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில், கிளீவ்லேண்டுக்குத் தென்மேற்கே ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிற சின்ன ஊர், சின்னக் கல்லூரி. ஊர் ஜனத்தொகை எட்டாயிரத்தை ஒட்டி, மாணவர்கள் மூவாயிரத்துக்குள். பசுமை வளாகம் என்று பேச ஆரம்பித்தால் ஸ்டான்ஃபோர்டு மாதிரி பணம் கொழிக்கிற இடங்களைத்தான் எல்லாரும் காட்டுவார்கள், ஆனால் நம் ஊர்க் கல்லூரிக்காரர்கள் படிக்க வேண்டியது ஓபர்லினைத்தான் என்பது என் எண்ணம். அங்கே ஒரு நல்ல சண்டை நடந்தது, அதுவும் உள்ளேயே நடந்தது.

கட்டடம்

1990-ல் டேவிட் ஆர் என்பவர் சுற்றுச்சூழல் பாடம் நடத்த ஓபர்லினுக்கு வந்து சேர்ந்தார். அவருடைய வாதம் நேரானது. ஏசி போட்ட, ஜன்னல் திறக்க முடியாத, கழிவுநீர் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாத ஒரு கட்டடத்துக்குள் மாணவனை உட்காரவைத்துச் சுற்றுச்சூழல் பாடம் நடத்தினால், பாடப்புத்தகம் ஒன்று சொல்லும், சுவர் வேறொன்று சொல்லும், மாணவன் சுவர் சொல்வதைத்தான் நம்புவான். ஆகவே கட்டடமே பாடமாக இருக்க வேண்டும். மாணவர்களையும் ஊர்க்காரர்களையும் உட்காரவைத்துக் கூட்டம் கூட்டமாகப் பேசித்தான் வரைபடத்துக்கே போனார்கள். வடிவமைப்பு, வில்லியம் மெக்டோனாவின் நிறுவனம்.

2000 ஜனவரியில் திறந்தார்கள். ஆடம் ஜோசப் லூயிஸ் மையம் என்று பெயர். சுமார் 13,600 சதுர அடி, இரண்டு மாடி, செலவு 70 லட்சம் டாலரை ஒட்டி. தெற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி, குளிர்கால வெயில் உள்ளே வருவதற்காக. வளைந்த கூரை முழுக்க 60 கிலோவாட் சோலார். நிலத்துக்குள் 24 போர் போட்டு, தண்ணீர் எடுப்பதற்கு இல்லை, மண்ணின் வெப்பத்தை எடுப்பதற்கு. வாசல் பக்கம் பழத்தோட்டமும் மீட்டெடுத்த ஒரு சதுப்பு நிலமும். உள்ளே, கண்ணாடிக் கூண்டுக்குள் ஜான் டாட் என்ற உயிரியலாளரின் யோசனைப்படி தொட்டிகளும் செடிகளும். கட்டடத்தின் கழிவறைத் தண்ணீர் அந்தத் தொட்டிகள் வழியாகப் போய், நுண்ணுயிரும் வேரும் சுத்தம் செய்து, மறுபடியும் கழிவறைக்கே ஃபிளஷ் தண்ணீராக வரும். ஒஹையோ குளிரில் வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, உள்ளே வெப்பமண்டலச் செடிகள் பச்சையாக நிற்கும் காட்சிக்காகவே ஆள் வந்து பார்த்திருக்கிறார்கள்.

பாராட்டு குவிந்தது. அமெரிக்க எரிசக்தித் துறை, இருபதாம் நூற்றாண்டின் 30 மைல்கல் கட்டடங்களில் ஒன்று என்றது. 2000-ல் திறந்த கட்டடத்துக்கு இருபதாம் நூற்றாண்டுப் பட்டம். ஒரு முழு வருட மின்கணக்கு கைக்கு வருவதற்கு முன்பே பெயர் வந்துவிட்டது என்றுதான் எனக்குப் படுகிறது. நம் ஊரில் திறப்பு விழா அன்றே கல்வெட்டு வைப்பது போலத்தான்.

சண்டை

அதே கல்லூரியில் ஜான் ஸ்கோஃபீல்ட் என்று ஓர் இயற்பியல் பேராசிரியர். வெளி ஆள் கிடையாது, நிலக்கரிக் கம்பெனி அனுப்பிய ஆளும் கிடையாது, அதே வளாகத்தில் பாடம் நடத்துபவர். அவர் செய்தது ஒன்றுதான், மின் பயன்பாட்டை உட்கார்ந்து அளந்தார். சொல்லப்பட்ட எதிர்பார்ப்புக்கும் கட்டடம் உண்மையில் இழுக்கிற கரண்டுக்கும் பெரிய இடைவெளி இருந்தது. 2002-ல் அமெரிக்க ஏசி, ஹீட்டிங் பொறியாளர் சங்கத்தின் ஆய்விதழில் அதைக் கட்டுரையாகவே வெளியிட்டார். சொந்தக் கல்லூரியின் பெருமைக்குரிய கட்டடத்தைப் பற்றி.

இதை ஒரு நிமிடம் நம் ஊரில் வைத்து யோசித்துப் பாருங்கள். நிர்வாகம் கூப்பிட்டு விசாரிக்கும், அடுத்த வருடம் அவர் பெயர் என்எஸ்எஸ் கேம்ப் லிஸ்டில் முதல் ஆளாக இருக்கும். அங்கே சண்டை நடந்தது, கசப்பாகவே நடந்தது, ஆனால் எல்லாம் எழுத்தில் நடந்தது.

எங்கே போயிற்று கரண்ட்? முதல் குற்றவாளி மின்சார பாய்லர். கட்டடத்தில் கேஸ் கிடையாது, எல்லாமே கரண்ட். நிலத்தடிப் போரோடு இணைந்த ஹீட் பம்ப் ஒரு பக்கம் இருக்க, இன்னொரு பக்கம் தண்ணீரைச் சூடாக்கி ஓடவிட மின்சார பாய்லரும் வைத்திருந்தார்கள். ஹீட் பம்ப் என்பது நம் வீட்டு ஏசியைத் திருப்பிப் பிடித்த மாதிரி. வெளியே இருக்கிற சூட்டை உள்ளே அள்ளிக் கொண்டுவரும் வேலைதான் அதற்கு, அதனால் ஒரு யூனிட் கரண்டுக்கு மூன்று யூனிட் அளவுக்குச் சூடு கொடுக்கும். மின்சார பாய்லரோ பக்கெட்டுக்குள் போடுகிற ஹீட்டர் ராடு. ஒரு யூனிட் கொடுத்தால் ஒரு யூனிட் சூடு, அவ்வளவுதான். உலகத்திலேயே பசுமையான கட்டடம் என்று பேசிக்கொண்டு உள்ளே ராடு போட்டுத் தண்ணீர் காய்ச்சியிருக்கிறார்கள். மேலேயே பார்த்துக்கொண்டு போனால் கண்ணில் படாது, மீட்டரில்தான் படும்.

இரண்டாவது விஷயம் கொஞ்சம் நுணுக்கம், ஸ்கோஃபீல்ட் விடாமல் பிடித்துக்கொண்டதும் இதைத்தான். மீட்டரில் ஓடும் ஒரு யூனிட், மின்நிலையத்தில் ஒரு யூனிட் நிலக்கரியோடு முடிவதில்லை. நிலக்கரியை எரித்து வரும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குதான் கம்பிக்கு வருகிறது, மீதி புகைபோக்கியிலும் குளிர்விக்கும் கோபுரத்திலும் போய்விடுகிறது. ஆக, முழுக்கக் கரண்டில் ஓடும் கட்டடத்தையும் கேஸில் சூடேறும் கட்டடத்தையும் மீட்டர் அளவில் மட்டும் வைத்து ஒப்பிட்டால் முன்னது நல்ல பிள்ளையாகத் தெரியும். மூலத்திலிருந்து கணக்குப் போட்டால் கதை மாறும். நம் ஊர் கிரீன் ஆடிட்டில் இப்படியொரு கேள்வியை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

இவரோடு நிற்கவில்லை. அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆய்வகம் தானாகக் கருவி பொருத்தி இந்தக் கட்டடத்தைக் கண்காணித்தது. அதன் அறிக்கை 2004-ல் வந்தது. பாய்லர் பிரச்சினையையும் கட்டுப்பாட்டுக் கருவிகளையும் சரிசெய்துகொண்டே வந்த காலத்துக்கான கணக்கு அது. சதுர அடிக்கு ஆண்டுக்குச் சுமார் 8.7 யூனிட் பயன்பாடு, அதில் ஏறக்குறைய 45 சதவீதம் கூரை சோலார் கொடுத்தது.

இதைக் கொஞ்சம் விரித்துப் பார்க்கலாம். 13,600 சதுர அடியை 8.7-ஆல் பெருக்கினால் வருடத்துக்குச் சுமார் 1 லட்சத்து 18 ஆயிரம் யூனிட். அதில் 45 சதவீதம் என்றால் 53 ஆயிரம். 60 கிலோவாட்டிலிருந்து 53 ஆயிரம், அதாவது கிலோவாட்டுக்கு வருடம் 900 யூனிட்கூட இல்லை. ஒஹையோ மேகமும் பனியும் அப்படி. நம் ஊரில் அதே 60 கிலோவாட்டை ஒழுங்காகத் துடைத்து வைத்திருந்தால் கிலோவாட்டுக்கு 1,400 யூனிட்டுக்குக் குறையாது. வெயில் நம் பக்கம் இருக்கிறது, மீட்டர் படிக்கிற ஆள்தான் அந்தப் பக்கம் இருக்கிறார்.

அப்புறம் 2006-ல் கார் நிறுத்தும் இடத்துக்கு மேலே கூரை போட்டு இன்னொரு 100 கிலோவாட் சேர்த்தார்கள். மொத்தம் 160. இப்போது கணக்கு நேராகிறது: 160 கிலோவாட், கிலோவாட்டுக்கு 900 என்று கஞ்சத்தனமாகப் போட்டாலும் 1 லட்சத்து 44 ஆயிரம், பயன்பாட்டைத் தாண்டிவிட்டது. பயன்படுத்தும் கரண்டைத் தானே தயாரித்துக்கொள்ளும் கட்டடம் என்று முதலில் சொன்னதை ஆறு வருடம் கழித்து, பாய்லரைத் திருத்தி, சோலாரை இரண்டரை மடங்குக்கு மேல் ஆக்கி எட்டிப் பிடித்தார்கள். இதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனால் 2000-ல் வந்த பாராட்டுரைகளில் இந்த ஆறு வருடம் கிடையாது. 2010-ல் ஒரு கட்டடக்கலைப் பத்திரிகை நடத்திய வாக்கெடுப்பில், 1980-க்குப் பின் வந்த பசுமைக் கட்டடங்களில் முக்கியமானது என்று இதுவே முதலிடம் பிடித்தது.

ஸ்கோஃபீல்ட் அதோடு விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஓபர்லினில் பிடித்த நூலைப் பிடித்துக்கொண்டே போய், லீட் (LEED) என்ற பசுமைக் கட்டடச் சான்றிதழ் வாங்கிய கட்டடங்கள் நிஜமாகவே மிச்சம் பிடிக்கின்றனவா என்று 2009-ல் கேள்வி எழுப்பினார். 2013-ல் நியூயார்க் நகர அலுவலகக் கட்டடங்களின் 2011-ஆம் ஆண்டுக் கணக்கை எடுத்து, 953 கட்டடங்களில் லீட் வாங்கியிருந்த 21-ஐத் தனியே பார்த்தார். கோல்டு தரம் வாங்கியவை மட்டும் சுமார் 20 சதவீதம் குறைவாக இழுத்தன, மொத்தமாகச் சேர்த்துப் பார்த்தால் லீட் கட்டடங்களுக்கும் மற்றவற்றுக்கும் வித்தியாசம் இல்லை. நம் ஊர் வாசல்களில் தொங்கும் பிளாட்டினம், கோல்டு தகடுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த 21 கட்டடங்கள் நினைவுக்கு வரும்.

ஹாஸ்டல்

எனக்கு இந்த ஆய்வில் ரொம்பப் பிடித்த பகுதி கட்டடமே இல்லை, ஹாஸ்டல். சூழலியல் பேராசிரியர் ஜான் பீட்டர்சனும் சில மாணவர்களும் சேர்ந்து, ஹாஸ்டலில் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்பதை அப்போதைக்கப்போதே திரையில் காட்டும் அமைப்பைச் செய்தார்கள். 2005-ல் ஹாஸ்டல்களுக்குள் இரண்டு வாரப் போட்டி. இரண்டு ஹாஸ்டலில் மட்டும் கண்முன் ஓடும் கணக்கு, மற்றவற்றுக்கு வாரம் ஒருமுறை மீட்டர் பார்த்துச் சொல்வது.

இரண்டு வாரத்தில் மொத்தம் 32 சதவீதம் கரண்ட் குறைந்தது. 68,300 யூனிட், 5,107 டாலர். கண்முன் கணக்கு ஓடிய ஹாஸ்டல்களில் 55 சதவீதம், வாரக் கணக்கு மட்டும் கிடைத்தவற்றில் 31. தண்ணீர்? 3 சதவீதம் மட்டுமே.

அந்தக் கடைசி எண்தான் இந்த ஆய்வை நம்ப வைக்கிறது. எல்லாம் குறைந்தது என்று எழுதியிருந்தால் யாரோ ஃபைல் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்திருப்பேன். விளக்கை அணைக்கலாம், கம்ப்யூட்டரை அணைக்கலாம், குளிக்காமல் இருக்க முடியாது. தவிர, 55 சதவீதம் என்பது போட்டி ஜுரத்தில் வருவது, வருடம் முழுக்க அப்படி இருட்டில் நடமாட முடியாது. மாரத்தான் ஓடுகிற வேகத்தில் தினமும் ஆபீசுக்குப் போக முடியுமா என்ன. ஆனாலும் கண்ணெதிரே எண் ஓடியபோதும் வாரம் ஒருமுறை எண் வந்தபோதும் இருந்த அந்த 24 சதவீத இடைவெளி, அது போட்டிக்கு அப்பாற்பட்ட விஷயம்.

இன்னொரு கணக்கும் அதே கட்டுரைக்குள் இருக்கிறது. மிச்சமான 68,300 யூனிட்டுக்கு 1,48,000 பவுண்டு கார்பன் டை ஆக்சைடு குறைந்தது என்கிறார்கள். கிலோவுக்கு மாற்றினால் 67 டன், அதாவது யூனிட்டுக்கு ஒரு கிலோவை ஒட்டி. ஒஹையோ கரண்ட் அப்போது எவ்வளவு நிலக்கரிக் கரண்ட் என்பது இந்த ஒரு வகுத்தலிலேயே வெளியே வந்துவிடுகிறது.

அந்த மாணவர்கள் அந்தத் திரையையே தொழிலாக்கி ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். ஹாஸ்டல் வாசலில் கண்ணாடி உருண்டை வைத்தார்கள், கரண்ட் குறைவாக ஓடினால் பச்சை, அதிகமானால் சிவப்பு. பிறகு ஊர் முழுக்கத் திரைகள் வந்தன, அதில் 'ஃப்ளாஷ்' என்று ஓர் அணில், கரண்ட் பயன்பாட்டைப் பொறுத்து அதன் முகபாவம் மாறும். ஓபர்லினில் வெள்ளை அணில் பிரசித்தம், நம்ம திருச்செந்தூருக்கு மயில் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். யூனிட் என்றால் என்ன என்று தெரியாத குழந்தைக்கும் அணில் சோகமாக இருப்பது தெரியும்.

வளாகம் முழுதும்

ஒரு கட்டடமும் ஒரு ஹாஸ்டல் போட்டியும் ஒரு வளாகத்தைத் தூக்கிவிடாது. 2006-லேயே கார்பன் நடுநிலை ஆவோம் என்று அமெரிக்கக் கல்லூரித் தலைவர்களின் உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், இலக்கு 2025. கையெழுத்துப் போட்டபோதும் சரி, அதற்கப்புறம் பல வருடங்களும் சரி, வளாகத்தின் வெப்பமூட்டும் நிலையம் நிலக்கரியில்தான் ஓடிக்கொண்டிருந்தது. 2014-ல்தான் நிலக்கரி போய் இயற்கை எரிவாயு வந்தது. உலகம் போற்றும் பசுமைக் கட்டடம் ஒரு பக்கம், புகைக்கூண்டு மறுபக்கம், 14 வருடம். யாரும் மறைக்கவில்லை, மறைக்கவும் முடியாது.

2012-ல் வளாகத்துக்கு வடக்கே 2.27 மெகாவாட் சோலார் வந்தது. கல்லூரியின் கரண்ட் தேவையில் சுமார் 12 சதவீதத்துக்கு அது போதும். மீதி ஊரிலிருந்து வருகிறது, ஓபர்லினில் மின்வாரியம் நகராட்சியுடையது. 2008-ல் பெரிய நிலக்கரி மின்நிலையம் ஒன்றில் 50 வருட ஒப்பந்தத்தில் சேரச் சொன்னபோது நகர மன்றம் மறுத்துவிட்டது. அந்த மின்நிலையத் திட்டமே 2009-ல் கைவிடப்பட்டது. ஊர் அதன் பிறகு குப்பைக் கிடங்கில் வரும் வாயுவை எரித்து எடுக்கிற கரண்டின் பக்கம் திரும்பியது. கல்லூரி பசுமையானதில் பாதிப் பெருமை ஊர் மன்றத்துக்குப் போக வேண்டும் என்பேன். கல்லூரிச் சுவருக்குள் என்ன செய்தாலும் கம்பியில் வருவது நிலக்கரிக் கரண்டாக இருந்தால் கணக்கு எங்கே நேராகும்?

கடைசியாக வந்தது பெரிய வேலை. நூறு வருடப் பழைய நீராவிக் குழாய்களை எடுத்துவிட்டு மிதமான சூட்டுத் தண்ணீர்க் குழாய் போடுவது, சூட்டையும் குளிரையும் நிலத்துக்குள்ளிருந்து எடுப்பது. 2021-ல் தொடங்கிய நான்கு ஆண்டுத் திட்டம், 850 போர்கள், ஒவ்வொன்றும் சுமார் 600 அடி. கோடையில் கட்டடத்துச் சூட்டை நிலத்துக்குள் தள்ளிவிடும், குளிர்காலத்தில் அதையே திரும்ப இழுக்கும். லூயிஸ் மையத்தில் 24 போர் போட்டுப் படித்த பாடம் 20 வருடம் கழித்து 850 ஆகியிருக்கிறது. அந்த 24-லும் எல்லாமே சரியாக நடந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு போயிருந்தால் இந்த 850-க்குள்ளும் எங்கேயாவது ஒரு ஹீட்டர் ராடு உட்கார்ந்திருக்கும்.

நமக்கு

850 போர் நமக்குத் தேவையில்லை. நமக்குச் சூடேற்ற வேண்டிய குளிர் இல்லை, நம் பிரச்சினை ஏசி, தண்ணீர் மோட்டார், கேன்டீன், லீவு விட்டால் கழிவே வராமல் நுண்ணுயிர் பட்டினி கிடந்து நாறுகிற சுத்திகரிப்புத் தொட்டி. மரம் நடுவது பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. ஜூன் 5 அன்று ஒரே குழியில் வருடாவருடம் மரம் நடும் கல்லூரிகள் எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

ஓபர்லினில் எடுத்துக்கொள்ள வேண்டியதில் பெரிய செலவில்லாதது ஒன்று உண்டு. ஒவ்வொரு பிளாக்குக்கும் தனி மீட்டர் வைத்து, அதன் கணக்கை எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டுவது. மீட்டர் வாங்க ஆயிரங்களில் ஆகும், ஒட்டுவதற்குக் கோந்து போதும். இரண்டாவதுதான் கஷ்டம், அந்த எண் மோசமாக இருந்தால் அதைச் சொல்கிற ஆளை விட்டுவைப்பது.

நாக் குழு வந்து போனபின், எலக்ட்ரீஷியன் அண்ணனும் நானும் இன்வெர்ட்டரைச் சரிசெய்யச் சொல்லி மூன்று தடவை கடிதம் கொடுத்து ஒருவழியாக ஆள் வரவைத்தோம். ஒரு ஃபியூஸும் ஒரு போர்டும் போயிருந்தன. 20 கிலோவாட், கிலோவாட்டுக்கு நாலு, தினம் 80 யூனிட் வரும் என்று நான் எதிர்பார்த்தேன். ஒரு ரூல்டு நோட்டுப் போட்டு தினம் சாயங்காலம் அவர் எழுதுகிறார். முதல் வாரச் சராசரி 61. தகட்டில் இருக்கும் தூசிதான் காரணம் என்கிறேன் நான். தூசி இல்லை சார், மூன்று மணிக்கு மேல் அந்த வேப்பமரம் நிழல் விடுகிறது, வந்து பாருங்கள் என்கிறார் அவர். திங்கட்கிழமை பாதித் தகடுகளை மட்டும் கழுவிப் பார்க்கப் போகிறோம்.